களத்தில் நேர்காணல் எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), சமூகவியல் மாணவி:
பண்புசார் ஆய்வு முறைகள் (எண்ணிக்கையை விட, சனத்தின் பேச்சையும் அனுபவத்தையும் வைத்துச் செய்யும் ஆய்வு) வகுப்பு மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியில்தான் தொடங்கியது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி, அந்தச் சனத்தின் மொழியைப் படித்து, 1922இல் நூல் எழுதியவர். எங்களுக்கு மொழிக் கஷ்டமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கேள்வி கேட்கப் போகிறவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

மயிலிட்டியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, "பிள்ளை எவடம்? ஆற்றை மகள்?" என்று கேட்டு முடித்த பிறகுதான் வாங்கைக் காட்டினா. இடப்பெயர்வு எப்படிப் பாதித்தது என்ற கேள்விக்கு, படிவத்தோடு வந்துபோன நிறுவனக்காரருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் வந்தது: 1990இல் வெளிக்கிட்டது, முகாம், தொழில் இல்லை. அடுத்ததாக நான் கேட்டது, "2017இல் ஆமி காணியை விட்ட பிறகு முதல்முதல் வந்த அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" கையிலிருந்த மீனை வைத்துவிட்டா.

"வீடு எங்க கிடந்தது? ஒரே பத்தை. கிணத்தை வச்சுத்தான் வளவைப் பிடிச்சனாங்கள்."

எழும்பி, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் இருந்த பக்கத்தையும், அதிலிருந்து குசினி வாசலுக்கு எத்தனை எட்டு என்பதையும் நடந்தே காட்டினா. ஒலிப்பதிவில் அந்த நடை இல்லை. திரும்பும் பஸ்ஸிலேயே களக்குறிப்பில் வரைந்துகொண்டேன்.

நேர்காணலின் பகுதிகளுக்குச் சிறு தலைப்புக் கொடுத்துக் குறியிடும்போது "இடப்பெயர்வின் தாக்கம்" என்று போட மனம் வரவில்லை. அவ கிணற்றைப் பற்றிச் சொன்ன வசனத்தையே குறியீடாக வைத்தேன். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த, தரவிலிருந்து கோட்பாட்டைக் கட்டும் முறையில் அதற்கு இடமுண்டு. அதோடு மற்ற நேர்காணல்களைத் திரும்ப வாசித்தால் கிணறு, பனை, கோயில் மதில் என்று வந்துகொண்டே இருந்தது. என் ஆய்வுக் கேள்வியே மாறிவிட்டது.

சாவகச்சேரி:
நாங்கள் சனசமூக நிலையத்தில் குழுக் கலந்துரையாடல் வைத்தோம். கதைத்ததெல்லாம் தலைவரும் ஓய்வுபெற்ற மாஸ்டரும்தான். பெண்கள், "அவை சொன்னதுதான்" என்றதோடு சரி. பிறகு முன்பள்ளி வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரோடு தனியாக இருந்தோம். நுண்கடன் கதை அங்கேதான் வெளியில் வந்தது: கிழமைக் காசு கட்டுகிற நாளுக்கு முதல்நாள் யாருடைய தோடு அடைவுக்குப் போகும் என்பதுவரை. ஒரே ஊர், ஒரே கேள்வி. ஆர் பக்கத்தில் இருக்கினம் என்பதையும் குறிப்பில் எழுதுங்கோ.

வடமராட்சி:
சம்மதப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எல்லாம் சொல்லுறன் தம்பி, கையெழுத்து மட்டும் கேளாதையுங்கோ" என்றார் ஒரு ஐயா. போர்க்காலத்தில் பெயர் பதிந்து பதிந்து அலுத்த சனம். அந்தப் பயம் நியாயமானது. வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்ய, ஆய்வு முன்மொழிவு கொடுக்கும்போதே நெறிமுறைக் குழுவிடம் அனுமதி எடுத்துவிடுங்கோ.