1969 ஷெவல் எஸ்எஸ் 396: ஓடவும் வேண்டும், ஒரிஜினலும் போகக் கூடாது

ஒஹாயோக்காரன்:
எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடமிருந்து போன மாதம் 1969 ஷெவல் எஸ்எஸ் 396 (செவ்ரோலே கம்பெனியின் பழைய அமெரிக்கக் கார்) வாங்கினேன். 325 குதிரைத்திறன் இன்ஜின், நாலு கியர், இருபது வருஷத்துக்கு மேல் கராஜிலேயே நின்ற வண்டி. பெயின்ட் கம்பெனி பெயின்ட், அதைத் தொடப்போவதில்லை. இன்ஜின், பிரேக், பெட்ரோல் லைன் மட்டும் சரி செய்து ஓட்ட ஆசை. கிராங்க் (இன்ஜினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டு) அசையவே மாட்டேன் என்கிறது. இங்கே ஒரு பட்டறையில் கேட்டால், பிளாக்கை மேலே ஃபேசிங் அடித்து (பரப்பைச் சீவி மட்டமாக்கி), சிலிண்டரைப் போர் பண்ணிப் பெரிதாக்கி, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டுவிடலாம், பழைய சாமானை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. எதை மாற்றலாம், எதை விடக் கூடாது?

ஸ்பேனர் மாமா:
தம்பி, அந்தப் பட்டறைக்கு இன்னும் பணம் கட்டவில்லையே? முதலில் வண்டியின் வலது பக்கம், ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்னத் தட்டை இடம் இருக்கும், அதைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கம்பி பிரஷ் எடுத்தீர்களோ, தொலைந்தது. அங்கே அடித்திருக்கும் நம்பர் 'டி' என்ற எழுத்தில் ஆரம்பித்தால் இன்ஜின் டோனவாண்டா ஆலையில் செய்தது, அடுத்த நாலு இலக்கம் இன்ஜின் சேர்க்கப்பட்ட மாதமும் தேதியும், பெரும்பாலும் பக்கத்திலேயே உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பரின் பின்பாதியும் இருக்கும், வண்டியோடு வந்த இன்ஜினா என்பதற்கு அதுதான் சாட்சி. பிளாக் வார்த்த தேதி தனியாக இருக்கும், அது இதற்கு முந்தையதாக இருக்க வேண்டும். இந்த இடம் ஹெட் உட்காரும் பரப்போடு ஒரே மட்டம் என்பதால், மேலே ஃபேசிங் அடித்தால் நம்பரும் சேர்ந்து போய்விடும். திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள், ஆலை எந்திரம் விட்ட மெல்லிய கோடுகள் அங்கே இருக்கும், விஷயம் தெரிந்தவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பாருங்கள், கோணல் இல்லை என்றால் ஃபேசிங்கே வேண்டாம். தேவைப்பட்டால் கட்டரை அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தும் ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

கிராங்குக்கு அவசரம் ஆகாது. ஸ்பார்க் பிளக் எல்லாம் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து எட்டு சிலிண்டரிலும் ஊற்றி, நாலைந்து நாள் விட்டு, கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டுக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

குவாட்ராஜெட் பைத்தியம்:
மாமா சொன்னதுக்கு மேலே இன்ஜின் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கார்புரேட்டரைக் கொடுத்துவிடாதீர்கள். டிரைவர் பக்கம் செங்குத்தாக நம்பர் இருக்கும், 7029 என்று ஆரம்பித்தால் 69ஆம் வருஷத்துச் சாமான். இதில் வரும் வியாதியே இரண்டுதான்: கார்புரேட்டரின் அடியில் இருக்கும் அடைப்பான் கசியும், அதை எபாக்சி போட்டு அடைக்கலாம், மிதவை நாளடைவில் பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போகும், புதுசு போடுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள், பழையதை டப்பாவில் பெயர் எழுதி வைத்தால் போதும்.

அப்புறம் பெட்ரோல் டேங்க்கை இறக்கும்போது மேல்பக்கம் கை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆலையில் ஒட்டிய பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன போட வேண்டும் என்று எழுதிய தாள்) பல ஷெவல்களில் அங்கேதான் கிடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் பின் சீட் ஸ்பிரிங்குக்குள். டேங்க்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் பிறகு தேடாதீர்கள், எனக்கு அப்படித்தான் ஒன்று கூழாகப் போனது.

மிச்சிகன் குளிர்:
நான் கொஞ்சம் மாற்றுக் கட்சி. நம்பர், பேப்பர் எல்லாம் சரி, ஆனால் பிரேக்கில் ஒரிஜினல் பாசம் வேண்டாம். ஹோஸ், இரும்புக் குழாய், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு. 69 எஸ்எஸ்ஸில் முன்னால் டிஸ்க் கம்பெனியிலேயே வரும், அந்தக் காலிப்பரையும் பூஸ்டரையும் ரீபில்டுக்கு அனுப்பலாம். இன்ஜின் ஆயிலில் துத்தநாகம் போதுமான ரகமா என்று பாருங்கள், இந்த வகை கேம்ஷாஃப்ட்டுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அது இல்லாவிட்டால் தேய்ந்துவிடும். புதுக் கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிஷம். கம்ப்ரஷன் 10.25, 93 ஆக்டேனே போடுங்கள்.

ஒஹாயோக்காரன்:
துடைத்துப் பார்த்தேன். டி 0312, பக்கத்தில் சேசிஸ் நம்பரும் சரியாகப் பொருந்துகிறது! பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் ஊற்றி மூன்றாவது நாள், கிராங்க் இன்னும் அசையவில்லை.

ஸ்பேனர் மாமா:
இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போங்கள்.