அகதிகள் சட்டம் கற்றுக்கொள்ள வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை அருகிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ‘குடியுரிமை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றுவிட்டது. “அக்கா, நான் பிறந்தது இங்கேதானே? என்ன எழுத?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து தேடித் தேடிப் படிக்கிறேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, இங்கே பிறந்தது மட்டும் போதாது; பெற்றோரின் குடியுரிமையையும் பார்க்கிறார்கள். ஆனால் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் உள்ள எல்லோருக்கும் உரியது. அதைப் படித்தபோதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது.

கிருஷ்ணகிரி, தருமபுரி வழக்கறிஞர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தன்னார்வலர்களுக்கு இதை விளக்க முடியுமா? தமிழில் எளிய நூல்கள் இருந்தாலும் சொல்லுங்கள். முகாம்களில் நீண்டகாலம் பணியாற்றியவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: படகேறி வந்த பெரியவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது? விண்ணப்பத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.