வடகிழக்கு கிரீன்லாந்தில் யாருக்கு அனுமதி வேண்டாம்? நேரில் பார்த்தவை

பனிக்கரை:
வடகிழக்கு கிரீன்லாந்து தேசியப் பூங்காவுக்கு ஒரு புவியியல் ஆய்வுக் குழுவோடு போயிருந்தேன். கிரீன்லாந்து அரசிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். போகும் வழி, துப்பாக்கி, செயற்கைக்கோள் வழியாக அவசரச் சைகை அனுப்பும் கருவி, தேடுதல் மீட்புச் செலவுக்கான காப்பீடு என்று விண்ணப்பம் நீண்டுகொண்டே போகும். காப்பீடு எதற்கு என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். 9,72,000 சதுர கிலோமீட்டர் நிலம், நிரந்தரக் குடிமக்கள் ஒருவரும் இல்லை. அங்கே ஒரு ஆள் காணாமல் போனால் எங்கே என்று தேடுவது?

பூங்காவுக்குள் இருக்கும் டேனபோர்க் நிலையத்தில் சிரியஸ் ரோந்துப் படையினர் இருவர் எங்கள் தாள்களை வாங்கிப் பார்த்தார்கள். டென்மார்க் ராணுவத்தினர், பூங்காவுக்குள் காவல்துறை அதிகாரமும் அவர்களிடம்தான். துப்பாக்கி எண்ணை அனுமதியோடு ஒத்துப் பார்த்து, காப்பீட்டுக் கடிதத்தை வரி வரியாகப் படித்தார்கள். குழுவில் ஒருவர், "உங்களுக்கு இதெல்லாம் வேண்டாமா?" என்று கேட்டே விட்டார்.

"வேலையாக வந்திருக்கிறோம், அதனால் வேண்டாம். ஊருக்குப் போன பிறகு விடுமுறையில் மலையேற வந்தால் நானும் உங்களைப் போல விண்ணப்பம் போட வேண்டியதுதான்" என்றார் இளையவர்.

அதுவரை எனக்கும் இந்த விலக்கு ஏதோ அதிகாரிகளுக்கான சலுகை என்றுதான் தோன்றியது. சீருடை போட்டிருப்பதால் மட்டும் அது கிடைப்பதில்லை, செய்யும் வேலைக்காகக் கிடைக்கிறது. இவர்கள் 26 மாதம் வீட்டுக்கே போகாமல் பணியாற்றுகிறார்கள். குளிர்காலத்தில் இரண்டிரண்டு பேராக நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் கரையோரம் முழுக்கச் சுற்றுகிறார்கள். நாம் எங்காவது மாட்டிக்கொண்டால் உதவிக்கு வரக்கூடியவர்களும் இவர்கள்தான். அவர்கள் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நம் கதி என்ன?

தென்கடல்:
நல்ல பதிவு. ஆனால் இதோடு இன்னொரு விலக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். பூங்காவுக்குத் தெற்கே இருக்கும் இட்டோக்கோர்டூர்மியிட் ஊரில் ஒரு வேட்டைக்காரரைச் சந்தித்தேன். அந்த ஊர்க்காரர்கள் தொழில்முறை வேட்டைக்காகப் பூங்காவுக்குள் போகலாம். "பூங்கா வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் அங்கே வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்" என்றார் அவர். ஊர் உருவானது 1925ல், பூங்கா அறிவிக்கப்பட்டது 1974ல்.

இதைப் போய் அதிகாரிகளுக்கான விலக்கோடு ஒரே தட்டில் வைக்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. அதிகாரிக்குக் கிடைப்பது அரசு வேலைக்கான வசதி. இவருக்கு இது பிழைப்பு, முன்னோர் வழியாக வந்த உரிமை. அதற்கும் வரம்பு உண்டு. பனிக்கரடிக்கு ஒதுக்கீட்டு எண்ணிக்கை இருக்கிறது, அதைத் தாண்ட முடியாது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: வேட்டைக்காரரின் வண்டியில் ஏறிக்கொண்டால் அவருடைய விலக்கு நமக்கும் வந்துவிடாது. நமக்குத் தனியாக அனுமதி வாங்கியே ஆக வேண்டும். என்னை ஏற்றிக்கொள்ளும் முன் அவரே முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.