பால் கெல்லியும் ஒரு கரண்டி தக்காளி சாஸும்

மெல்போர்னில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். டிசம்பர் 21. ரேடியோவில் ஒரு பாட்டு ஆரம்பித்ததும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் வண்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடியும்வரை ஒரு பெட்டி நகரவில்லை. "இன்னைக்குத்தான் அவன் லெட்டர் எழுதின நாள்" என்றார். யார் என்று கேட்டேன். "ஜோ. ஜெயில்ல இருக்கான்" என்றார், கூடப் பிறந்தவனைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆஸ்திரேலியப் பாடகர் பால் கெல்லி 1996இல் வெளியிட்ட 'ஹவ் டு மேக் கிரேவி' அது. சிறையிலிருந்து ஜோ தன் சகோதரன் டேனுக்கு எழுதும் கடிதம்தான் மொத்தப் பாட்டும். பல்லவி கிடையாது, கடிதத்தில் பல்லவி எப்படி வரும்! கிறிஸ்துமஸ் விருந்துக்கு இந்தத் தடவை, இறைச்சிமேல் ஊற்றும் குழம்பான கிரேவியை யார் செய்வார்கள் என்ற கவலையில் பக்குவம் சொல்கிறான்: மாவு, உப்பு, கொஞ்சம் சிவப்பு ஒயின், மறக்காமல் ஒரு கரண்டி தக்காளி சாஸ். அப்புறம் தன் மனைவியோடு டேன் நெருங்கி ஆடுவானோ என்று பயம் வருகிறது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு, உடனே பின்வாங்குகிறான். அந்த இடத்தை என்னால் இன்றும் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

அதன்பின் வேலைக்குப் போகும் ரயிலில் எல்லாம் கெல்லிதான். 'ஃபாகி ஹைவே' ஆல்பம் முழுக்கப் புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசை. 2016இல் ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளுக்கே, அந்தப் பதினான்கு வரிக் கவிதைகளுக்கே, மெட்டுப் போட்டிருக்கிறார். ஆனால் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பாடகர் கெவ் கார்மடியோடு சேர்ந்து எழுதிய 'ஃப்ரம் லிட்டில் திங்ஸ் பிக் திங்ஸ் க்ரோ'தான் எனக்கு உச்சம். 1966இல் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் வேலையை விட்டு வெளியேறிய சுமார் 200 குரிண்ட்ஜி பூர்வகுடி மக்களின் கதை. 1975இல் பிரதமர் விட்லம், நிலத்தைத் திருப்பித் தந்ததன் அடையாளமாக, அவர்கள் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியின் உள்ளங்கையில் மண்ணைக் கொட்டியது வரை பாட்டு நடந்தே போகிறது. கெல்லி குரலை ஏற்றி நம்மை அழவைக்கப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிற குரல் அது. எந்த வகை இசைக்குப் போனாலும் அந்தக் குரலையே எடுத்துப் போகிறார்.

பிறகு ஒரு டிசம்பரில் மெல்போர்னிலேயே இருக்கும் சிட்னி மையர் மியூசிக் பௌல் என்ற திறந்தவெளி அரங்கில் அவரை நேரில் கேட்டேன். புல்சரிவில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். கிரேவி பாட்டில் சாஸ் வரி வந்ததும், பையிலிருந்து ஒரு சாஸ் பாட்டிலை எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார்கள். சரிவு முழுக்க ஆரவாரம். அடுத்த சில வரிகளில், ஜோ பயப்படும் இடத்தில், பாட்டிலை மெதுவாக மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்கள்.