ஐம்பதை நெருங்கும்போது வந்த ரத்த அழுத்தக் கவலை: என் அனுபவம்

என் தந்தை ஐம்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே பக்கவாதம் வந்து படுத்தவர் என்பதால், பிரஷர் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு அச்சம் வந்துவிடும். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. மாதவிடாய் நின்ற பிறகு இடுப்பைச் சுற்றி எடை கூடிக்கொண்டே வந்தது. சென்ற ஆண்டு பல்வலிக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றபோது, மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி அளந்துவிட்டு, 168/100 என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிரவு நான் உறங்கவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் என் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலப் பெண்தான் மறுநாள் என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். டீ குடித்து அரை மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருந்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகு சாயும் நாற்காலியில், கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் பதியும்படி அமர வைத்தார். "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கக்கா, பேசினாலே ஏறும்" என்றார். பிறகு கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்து, சிறிது இடைவெளி விட்டு இருமுறை அளந்தார். 148/94 என்று வந்தது. முதல் அளவை விடக் குறைவுதான். ஆனாலும் 140/90ஐத் தாண்டியிருந்ததால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்து, ரத்த அழுத்தம் இருப்பதை மருத்துவர் உறுதி செய்தார். பயம் அப்போதுதான் எனக்குக் குறைந்தது என்றால் விந்தையாக இருக்கும். ஆனால் நிச்சயமாகத் தெரிந்த ஒன்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

முதலில் கொடுத்த அம்லோடிபின் மாத்திரையால் மாலையில் கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும். மாத்திரையை நானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டினேன், அவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். எடையைப் பொறுத்தவரை, பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்றும், ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு (148/94 என்பதில் 148) சராசரியாக ஒரு புள்ளி இறங்கும் என்றும் விளக்கினார். தினமும் நடக்கிறேன், இரவுச் சோற்றைக் குறைத்தேன். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது.

உப்புதான் எங்கள் வீட்டில் பெரிய போராட்டம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறார்கள். குழம்பில் போடும் உப்பை எளிதாகக் குறைத்துவிட்டோம். ஆனால் தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய், ரசத்துக்கு அப்பளம், இட்லிக்குப் பொடி, ஞாயிற்றுக்கிழமை கருவாடு என்று வேறு வழிகளில் வந்து சேரும் உப்பை அதுவரை கணக்கிலேயே எடுக்கவில்லை. இந்துப்புக்கு மாறினால் பிரஷர் ஏறாது என்று பலரும் அக்கறையோடு அறிவுரை சொன்னார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான் என்பதால் இதை நம்பி யாரும் தாராளமாகப் போட வேண்டாம். கடையில் கிடைக்கும் பொட்டாசியம் கலந்த உப்பும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இப்போது என் கவலையெல்லாம் என் அண்ணனைப் பற்றியது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவந்த அவருக்கு அளவு 126/80க்கு இறங்கியதும், "சரியாகிவிட்டது, இனி எதற்கு ஆயுள் முழுக்க மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். மாத்திரையால்தான் அந்த அளவு இறங்கியது என்று எவ்வளவு சொல்லியும், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே என்கிறார். எங்கள் தந்தைக்கும் விழும் நாள் வரை எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. இப்படி நிறுத்திய உறவினரை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர்கள் இங்கே இருந்தால், எப்படிப் பேசி இணங்க வைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.