சாணி போட்டு கட்டுன மேடு, அதையும் உரத்துக்கு வித்த ஊரு

ஐரோப்பால டூரிஸ்ட் கூட்டம் போகாத கிராமம் எதாவது பாத்து மனசுல நின்னுச்சான்னு கேட்டிருந்தீங்கல்ல, என்னோடது ஹெகெபெய்ன்டும். நெதர்லாந்து வடக்கு ஓரத்துல ஃப்ரீஸ்லாந்து மாகாணம், ஊர்ல நூறு பேர் கூட தேறாது.

மாகாணத் தலைநகர் லீவார்டன்ல வாடகை சைக்கிள் எடுத்துட்டு கிளம்புனேன், கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் தான், ஆனா எதிர்காத்து, எவ்ளோ மிதிச்சாலும் வண்டி நகரவே மாட்டேங்குது, சுத்தி புல்லு வாய்க்கா மாடு, இஸ்திரி போட்ட மாதிரி தரை. அதுக்கு நடுவுல திடீர்னு ஒரு மேடு, உச்சில சர்ச். கடல் மட்டத்துக்கு மேல 8.8 மீட்டர். சிரிக்காதீங்க, அந்த நாட்டுலயே உயரமான டெர்ப் அதான்.

டெர்ப்னா ஆளுங்களே கட்டுன மேடு. கடலுக்கு அணை கட்டாத காலம், தண்ணி உள்ள வந்துட்டு போகும், அதனால இந்தப் பக்கம் கிமு 600 வாக்குலயே ஜனங்க களிமண்ணு, மாட்டுச்சாணி, வீட்டுக் குப்பைன்னு போட்டுப் போட்டு மேல வீடு கட்டிக்கிட்டாங்க. ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் ஒசத்தும். பழைய ஃப்ரீசிய மொழில அந்த வார்த்தைக்கு அர்த்தமே ஊருன்னு தானாம். ரோமாபுரி எழுத்தாளர் ப்ளினி, இவங்களுக்கு கிழக்கால இருந்த மேட்டு ஜனங்களப் பாத்துட்டு, தண்ணி ஏறுனா கப்பல்ல போறவன் மாதிரி, வடிஞ்சா கப்பல் ஒடஞ்சவன் மாதிரின்னு எழுதி வச்சிருக்காரு. மனுசன் பாவப்பட்டிருக்காரு போல.

அப்புறம் அணை வந்துருச்சு, மேட்டுக்கு வேலை இல்ல. 19-ம் நூற்றாண்டுல தான் ஒருத்தருக்கு மண்டைல பல்பு எரியுது, ரெண்டாயிரம் வருஷ சாணி மக்கி கெடக்கே, இது உரமாச்சே! வெட்டி படகுல ஏத்தி, சத்தில்லாத மணல் நிலத்துக்காரங்களுக்கு வித்துட்டாங்க. இங்க மட்டும் இல்ல, அந்த மாகாணத்துல எத்தனையோ மேடு இப்டி தான் கரைஞ்சு போச்சு. இந்த ஊர்ல சர்ச்சும் கல்லறையும் இருந்த பாகத்தைப் பெருசா தொடல. 1904, 1905-ல தோண்டுறப்ப மேட்டுக்குள்ள ஆரம்ப இடைக்காலத்து கல்லறைகளே கிடைச்சுதாம், வெட்டுனவன் கைல எலும்பு வந்திருக்கும்ல, எப்டி இருந்திருக்கும்!

மேல ஏறிப் பாத்தா புரியும். ஒரு பக்கம் சரிவு இல்ல, வெட்டு. கல்லறைக் கல்லுக்கு நாலு எட்டு தள்ளி நின்னு கீழ எட்டிப் பாத்தேன், கால் கூசுச்சு. சர்ச் 12-ம் நூற்றாண்டு, எரிமலைச் சாம்பல் இறுகுன கல்லு, ஜெர்மனி பக்கத்துல இருந்து ஆறு வழியா கொண்டாந்தது. தொட்டா சொரசொரன்னு பஞ்சுக்கல் மாதிரி இருக்கு. உள்ள சுவர் பூரா பெரிய மரப்பலகை, 16 பலகை, பக்கத்து ஹார்ஸ்டா பண்ணை வீட்டுப் பிரபுக்கள் செத்தப்ப மாட்டுனது. குலச்சின்னம், மண்டை ஓடு எல்லாம் செதுக்கி வச்சிருக்காங்க. ஊரே மேட்டை வித்துத் தின்னுச்சு, இவங்க பவுசு மட்டும் அப்டியே தொங்குது, எனக்கு அதுல கொஞ்சம் கடுப்பு தான்.

---

பதில்: அதே மாகாணத்துல நான் வியூவெர்ட்ங்கற ஊருக்குப் போயிருக்கேன் ப்ரோ. சர்ச்சுக்கு அடில சின்ன நிலவறை, குனிஞ்சு தான் எறங்கணும். 1765-ல தச்சருங்க வேலைக்கு வந்தப்ப பாத்திருக்காங்க, பெட்டில இருந்த பொணம் அழுகாம காஞ்சு போயிருக்கு. இப்ப அப்டி நாலு பொணம் இருக்கு. பறவைய கட்டித் தொங்க விட்டுப் பாத்தாங்களாம், அதுவும் காஞ்சிருச்சு, இன்னும் தொங்குது. ஏன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனா என்னை அசத்துனது அது இல்ல, பூச்சி வரைஞ்ச ஓவியர் மரியா சிபில்லா மெரியன் இந்த ஊர்ல ஒரு சாமியார் கூட்டத்தோட சில வருஷம் இருந்து 1691-ல கிளம்பி ஆம்ஸ்டர்டாம் போயிருக்காங்க. 1699-ல தென் அமெரிக்காவுல இருக்கற சுரினாம்! இந்த சேத்து ஊர்ல இருந்து!

---

பதில்: ஐயோ அது தெரிஞ்சிருந்தா அங்கயும் போயிருப்பேன். திரும்பி வரப்ப பின்காத்து, பெடல் தொடாம லீவார்டன் வந்தேன். ஷூல ஒட்டுன மண்ணு ரூம்ல வந்து தான் பாத்தேன், கருகருன்னு இருந்துச்சு, பால்கனி தொட்டில தட்டிட்டேன்.