அப்பாரு தோட்டம் குடும்பக் குழு

சுமதி: எல்லாருக்கும் வணக்கம். 2025-ல் அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து பனியன் கம்பெனியில் ஆர்டர் சரியில்லை. ஓவர்லாக் தையலில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள், நானும் ஒருத்தி. ஓர் இன்ஸ்டிட்யூட்டில் 6 மாத நர்சிங், 48,000 ரூபாய் என்கிறார்கள். நாளைக்கே 10,000 முன்பணம் கட்டணுமாம். கட்டலாமா?

பூங்கொடி அத்தை: நர்சா? உனக்கு 38 ஆச்சே கண்ணு

கவின்: சூப்பர் சித்தி 👏

செல்வம் மாமா: ஞாயிறு பழனி வேன் காலை 5 மணிக்கு. கார்த்தி பையன் மொட்டைக்கு யாரும் லேட்டாக வரக் கூடாது.

மணி சித்தப்பா: சுமதி, ஒரு ரூபாய் கட்டாதே. 6 மாதத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பே 2 வருடம், டிப்ளமோ நர்சிங் 3 வருடம். முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். அவர்கள் தரும் சான்றிதழை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், பதிவு செய்ய முடியாது. சீக்கிரம் வேலைக்குப் போகணும் என்றால் ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி இருக்கிறது. சில மாதம்தான். பிரதமரின் கௌசல் விகாஸ் திறன் பயிற்சித் திட்டத்தில் வரும் மையமாக இருந்தால் கட்டணமே இல்லை, 45 வயது வரை சேரலாம். நோயாளியைத் துடைத்துவிடுவது, படுத்தபடியே மலஜலம் கழிக்க பெட் பேன் வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, ஸ்கேனுக்கு வீல்சேரில் தள்ளிப்போவது, இதெல்லாம்தான் வேலை. ஊசி போடக் கூடாது. வார்டுக்குள் போகும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணை போட்டுக்கொள்.

கார்த்தி: சித்தப்பா, இது மெசேஜா கெஜட்டா

ரேவதி: ஊரார் பெட் பேனைக் கழுவணும்னு நமக்கு என்ன தலையெழுத்து? பிரியாவுக்கு வரன் பார்க்கும் நேரம் வேற

சுமதி: ஆத்தாவுக்குக் கடைசி வரை நான்தானே அக்கா கழுவினேன். ராத்திரியிலும் 2 மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகில் ஒரு புண் வரவில்லை. அப்போது யாருக்கும் கௌரவம் குறையவில்லை.

ரேவதி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பூங்கொடி அத்தை: விடுங்க ரெண்டு பேரும் 🙏

கார்த்தி: லேப் டெக்னீசியன் படிக்கலாமே அண்ணி?

மணி சித்தப்பா: அதுக்குப் பிளஸ் டூவில் அறிவியல் வேணும். அதுவும் 2 வருடம். சுமதி பத்தாவது.

கவின்: லண்டனில் கேர் ஒர்க்கர் வேலைன்னு ஒரு ஏஜென்ட் ஸ்டேட்டஸ் வச்சிருக்கார்

மணி சித்தப்பா: 2025 ஜூலையோடு அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியாச்சு. அந்த ஆளை பிளாக் செய்.

செல்வம் மாமா: காது குத்த ஆசாரிக்குச் சொல்லியாச்சா இல்லையா?

சுமதி: சம்பளம் எப்படி சித்தப்பா?

மணி சித்தப்பா: ஆரம்பத்தில் நீ ஓவர்டைமோடு வாங்கினதை விடக் குறையும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதில் சீசன் கிடையாது. நைட் டூட்டி உண்டு.

சேகர்: நைட் டூட்டி எல்லாம் வேண்டாம்

சுமதி: ஏனுங்க, அடுத்த ரூமில் உட்கார்ந்துகொண்டு குரூப்பில் போடுகிறீர்களே

கார்த்தி: 😂😂

மணி சித்தப்பா: திங்கட்கிழமை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் போவோம். எந்த மையத்தில் இடம் இருக்கிறது என்று நேரில் கேட்போம். பத்தாவது மார்க் ஷீட், ஆதார் எடுத்து வை.

சேகர்: திங்கள் எனக்கு லீவு கிடைக்காது

சுமதி: உங்களை யார் கூப்பிட்டது. இன்ஸ்டிட்யூட்காரர் வேறு போன் மேல போன் போடுகிறார், எடுக்கவா வேண்டாமா?

பூங்கொடி அத்தை: புளிசாதம் நான் கட்டறேன். தயிர்சாதம் யாரு?

ரேவதி: பிரியா பிளஸ் டூவில் அறிவியல் பிரிவுதான். அந்த லேப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிக்கணும் சித்தப்பா? சும்மா கேட்டேன்.

கவின்: 👀